பின்னல் புத்தகமும் சொந்தப் புத்தியும்

பின்னல் வேலையைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். வேஷம் மட்டும் வேறு வேறு. "புத்தகத்தில் நீலம் என்று போட்டிருக்கிறது, மஞ்சள் வைக்கலாமா?" "ஆறு பித்தான் என்று கண்டிருக்கிறது. நான்கோடு நிறுத்தினால் தப்பா?" "முழுக் கை வைத்த மாதிரியை அரைக் கையாக முடித்துவிடலாமா?" இப்படிக் கேட்கிற சகோதரிகள் எவரும் அசடுகள் அல்லர். குடும்பத்தின் வரவு செலவைக் கட்டி ஆளுகிறவர்கள். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று எந்தப் புத்தகத்தையும் கேட்காதவர்கள். அப்படிப்பட்டவர்கள் இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் கைக்கு வந்தவுடன், முதல் வகுப்புப் பிள்ளைகளைப் போல் எழுந்து நின்று உத்தரவு கேட்கிறார்களே, அதுதான் எனக்கு விளங்காத சங்கதி.

இதற்கு ஒரு காரணம் பின்னல் குறிப்புகள் எழுதப்படும் பாஷை என்று நினைக்கிறேன். இரண்டு எழுத்து, ஓர் எண், ஒரு நட்சத்திரக் குறி, மறுபடியும் இரண்டு எழுத்து. பார்த்தால் வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. மருந்துச் சீட்டை யாராவது திருத்துவார்களா? சுருக்கெழுத்துக்கே அப்படி ஓர் அதிகாரம் உண்டு. வியாசர்பாடியை அடுத்த எங்கள் பகுதிக்கு மகாகவி பாரதியின் பெயரை வைத்தார்கள். நாங்கள் அதை மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களாக்கி எம்.கே.பி. நகர் என்கிறோம். பஸ்ஸின் பலகையிலும் அதுதான். அந்த மூன்று எழுத்துக்குள் ஒரு கவி இருக்கிறார் என்பதே பல குழந்தைகளுக்குத் தெரியாது. பின்னல் சுருக்கெழுத்துக்குள்ளும் அப்படித்தான் ஒரு மனுஷி ஒளிந்திருக்கிறாள். அவள் தன் வீட்டுக் குழந்தைக்கு, தன் ஊர்க் குளிருக்கு, தன் கையிலிருந்த நூலுக்கு ஏற்ப ஒன்றைச் செய்து பார்த்துக் குறித்து வைத்தாள். அவள் எழுதியது குறிப்பே தவிரச் சட்டம் அல்ல.

அச்சிட்ட பின்னல் புத்தகங்களுக்கு வயதும் அதிகமில்லை. எடின்பரோ நகரில் கைவேலைச் சாமான் கடை வைத்திருந்த ஜேன் காகெயின் என்ற அம்மையாரின் புத்தகம் வெளிவந்தது 1840-இல். சுருக்கக் குறிகளை அவர் தாமே யோசித்து அமைத்துக்கொண்டார். அந்தக் காலத்துப் புத்தகங்களில் இன்ன அளவு, இத்தனை கண்ணிக்கு இத்தனை அங்குலம் என்பதெல்லாம் பெரும்பாலும் இராது. வாசிக்கிறவர்களுக்கு அந்த அளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதினார்கள். அதற்கு முன் பல தலைமுறைகளாகப் பார்த்தும் பழகியும் வந்த வித்தை அது. "இந்த நூலையே உபயோகிக்கவும், வேறு நூலை உபயோகித்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்ற எச்சரிக்கை, நூல் கம்பெனிகளே மாதிரிப் புத்தகங்களை வெளியிட ஆரம்பித்த பிறகு பெருகியது. நூல் விற்கிறவர் வேறு எப்படிச் சொல்லுவார்?

நம் ஊர்ப் பெண்களுக்கு மாதிரியை மாற்றும் கலை புதிதா என்றால், காலையில் வாசலைப் பார்த்தால் போதும். பதினைந்து நேர்ப்புள்ளிக் கோலத்தை மாமியார் வீட்டில் கற்றுக்கொண்ட பெண், எங்கள் நகரின் அடுக்குக் குடியிருப்புக்குக் குடிவந்து, மாடிப்படி ஓரத்தில் மூன்று சாண் அகலமுள்ள வாசலைப் பார்க்கிறாள். என்ன செய்கிறாள்? பதினைந்தைப் பதினொன்றாக்குகிறாள். நான்கு மூலைத் தாமரையில் இரண்டை விட்டுவிடுகிறாள். புள்ளிக் கணக்கு சரியாக வந்தால் கோடு தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். இதற்காக அவள் எந்த ஆசிரியருக்கும் கடிதம் எழுதியதில்லை.

கோலம் வீட்டு விஷயம், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். வியாபார விஷயத்திலும் இந்தக் கரையில் இதே கதை நடந்திருக்கிறது. திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. பெயரைக் கேட்டுப் புராணம் தேட வேண்டாம். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டைதான் நம் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தியபோது நூற்போர், நெய்வோர், துணிக்குச் சித்திரம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோருக்கென்றே மனைகள் ஒதுக்கினார்கள். துணிதான் அன்று சென்னையின் ஜீவனம்.

அந்தத் துணிகளுக்குச் சீமையிலிருந்து மாதிரிகள் வந்தன. இதைப் பற்றி ஒரு பழைய கடிதம் இருக்கிறது. 1643-இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்கள் சூரத்திலிருந்த தங்கள் ஏஜெண்டுகளுக்கு எழுதியது. நீங்கள் அனுப்பும் மெத்தை விரிப்புகள் பெரும்பாலும் மங்கிய சிவப்புத் தளமாக இருக்கின்றன, இங்கே எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை, இனிமேல் வெள்ளைத் தளம் அதிகமாக இருக்கட்டும், நடுவில் பூவும் கிளையும் வர்ணத்தில் வரட்டும் என்று கேட்டுவிட்டு, அதைத் தீட்டுகிறவன் இஷ்டம்போலத் தீட்டட்டும் என்கிறார்கள்! காசுக்குக் காசு கணக்குப் பார்த்த கம்பெனிக்காரர்களே அந்த ஓர் இடத்தில் கையை எடுத்துவிட்டார்கள்.

சோழமண்டலக் கரைக்கும் இவ்விதமே மாதிரிகள் வந்தன. நம் சித்திரக்காரர்கள் அவற்றை என்ன செய்தார்கள் என்பதற்கு உலகத்துப் பொருட்காட்சிசாலைகளில் சாட்சி தொங்குகிறது. ஐரோப்பியப் பூ ஒன்று, சீனத்துப் பாறையும் மூங்கிலும் கொஞ்சம், அந்தப் பெரிய இலைகளுக்குள் வெற்றிடம் விடப் பொறுக்காமல் தாங்களே நிரப்பிய பொடிப் பூக்கள், எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒரு மரம். சாயவேரின் சிவப்பு, அவுரியின் நீலம், நீலம் ஏறக்கூடாத இடத்துக்கு மெழுகு. மாதிரியில் இல்லாதது துணியில் வந்தது. துணியில் வந்ததுதான் விலை போயிற்று. அது விலைபோன வேகத்தைக் கண்டு 1686-இல் பிரான்ஸும், 1700-இலும் 1721-இலும் இங்கிலாந்தும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. பிறர் கொடுத்த மாதிரியை அப்படியே நகல் எடுத்திருந்தால் இந்தப் பயம் அவர்களுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சித்திரக்காரருக்குச் சாயவேர் எந்தத் தண்ணீரில் எப்படிச் சிவக்கும் என்று தெரிந்திருந்தது. கோலம் போடுகிற பெண்ணுக்குப் புள்ளிக் கணக்குத் தெரியும். பின்னல்காரிக்கு அதற்கு ஈடாக ஒரே ஒரு கணக்குத் தெரிந்தாக வேண்டும். ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி? இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதிரியை மாற்றுவது அவஸ்தை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதிரியை அப்படியே பின்பற்றுவது அதைவிடப் பெரிய அவஸ்தை.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மாள் நான்கு வயதுப் பேரனுக்கு மேற்சட்டை பின்னினார். கம்பளிக்கு எழுதிய மாதிரி. இவர் சென்னை வெயிலுக்காகப் பருத்தி நூல் வாங்கினார். அது மெத்த சரி. புத்தகத்தில் 120 கண்ணி ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தது. ஒரு கண்ணி கூடாமல் குறையாமல் ஏற்றி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, இரண்டு மாதத்தில் முடித்தார். பையன் தலையை நுழைத்ததோடு சரி. சட்டை மார்புக்குக் கீழே இறங்கவில்லை. "எனக்குக் கைவேலை வராது" என்று சொல்லி, ஊசிகளைத் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். நூல் போனது ஒரு நஷ்டம். அந்தத் தீர்ப்பு அதைவிட நஷ்டம். அவருடைய கை வெகு நேர்த்தியானது. தப்பு கையில் இல்லை.

நடந்தது இதுதான். மாதிரியை எழுதியவரின் கம்பளி அங்குலத்துக்கு 5 கண்ணி கொடுத்தது. 120 கண்ணிக்கு 24 அங்குலச் சுற்றளவு. இந்த அம்மாளின் மெல்லிய நூல் அங்குலத்துக்கு 6 கண்ணி கொடுத்தது. அதே 120 கண்ணி 20 அங்குலத்தில் முடிந்துவிட்டது. அவர் ஏற்றியிருக்க வேண்டியது 24-ஐ 6-ஆல் பெருக்கி, 144. சட்டையில் எட்டுக் கண்ணிக்கு ஒரு முறை திரும்பி வரும் பூவேலை இருந்தால், 144 என்பது பதினெட்டுப் பூவாகச் சரியாக அமையும். பத்துக் கண்ணிப் பூவாக இருந்தால் அமையாது. 140 அல்லது 150 என்று போக வேண்டும். 140 என்றால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் குறையும். 150 என்றால் ஓர் அங்குலம் கூடும். வளர்கிற பிள்ளைக்கு எது நல்லது என்று புத்தகம் சொல்லாது. பாட்டிக்குத் தெரியும்.

ஊசி எண்ணிலும் ஒரு கண்ணி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏறத் தடிக்கும். 8-ஆம் எண் என்றால் ஒருவருக்கு 4 மில்லிமீட்டர், மற்றவருக்கு 5 மில்லிமீட்டர். குரோஷாவிலும் இந்தக் கூத்து உண்டு. அமெரிக்கர் 'டபிள்' என்பதை இங்கிலீஷ்காரர் 'டிரெபிள்' என்பார். ஆகையால் வார்த்தையை நம்பாமல் மில்லிமீட்டரை நம்புவது உத்தமம்.

இனி நம் ஊர் விஷயம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே வீசும். எஃகு ஊசி துருப் பிடித்து நூலில் பழுப்புக் கறை வைக்கும். மூங்கில் ஊசி வியர்த்த கைக்கு வழுக்காது. இவை சில்லறை. முக்கியமானது நூல். கம்பளி மயிருக்கு இயற்கையிலேயே நெளிவு உண்டு; இழுத்து விட்டால் திரும்பி வரும். பருத்திக்கு அந்தச் சுபாவம் இல்லை. இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும், கனமும் அதிகம், தொங்கத் தொங்க நீளும். ஆதலால் கம்பளிக்கு எழுதிய மாதிரியில் இடுப்பிலும் மணிக்கட்டிலும் வரும் வரிப்பின்னல் விளிம்பு, பருத்தியில் நாலு சலவைக்குள் பாவாடை விளிம்பு மாதிரி அகன்றுவிடும். அந்த இடத்துக்கு இரண்டு எண் மெல்லிய ஊசி போட்டு, கண்ணியில் பத்துக்கு ஒன்று குறைத்துக்கொண்டால் நிற்கும். அல்லது வரிப்பின்னலையே விட்டுவிட்டு நேர் விளிம்பாக முடித்து மடித்துத் தைத்துவிடலாம். சட்டை நீளத்தை ஓர் அங்குலம் குறைவாகவே பின்னினால், தொங்கி வந்து தானே சரியாகும்.

குளிர்தேசத்து மாதிரிகள் காற்றை உள்ளே விடாமல் இருப்பதற்காக எழுதப்பட்டவை. நமக்கு வேண்டியது காற்று உள்ளே வருவது. ஆகவே நெருக்கமான முறுக்குப் பின்னல் இருக்கும் இடத்தில் துளைப் பின்னலை வைப்பது நமக்குப் பெரிய சௌகரியம். முறுக்குப் பின்னல் அகலத்தைச் சுருக்கும், துளைப் பின்னல் விரிக்கும் என்பதை மட்டும் மறக்காமல், மறுபடியும் அங்குலக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை மாதத்தில் பிறந்த சிசுவுக்குத் தலைக்குல்லாய், கையுறை, காலுறை, கம்பளிச் சட்டை என்று ஜோடனை செய்து புகைப்படம் எடுக்கிறார்களே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. குழந்தை அழுகிற அழுகை போதுமான விமரிசனம்.

வரிக்கு வரி எழுதிய மாதிரிகளுக்கு எதிராகக் கொடி தூக்கிய ஓர் அம்மையாரை இங்கே சொல்லியாக வேண்டும். எலிஸபெத் ஜிம்மர்மான் இங்கிலாந்தில் 1910-இல் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 1999-இல் காலமானவர். தையல் இல்லாமல் வட்டமாகவே பின்னிய சட்டையின் மாதிரியை அவர் பத்திரிகைக்குக் கொடுத்தால், அதைத் துண்டு துண்டாகப் பின்னித் தைக்கும்படி மாற்றி அச்சிட்டார்களாம். 1958-இல் தாமே ஒரு செய்தி மடல் ஆரம்பித்துவிட்டார். அவர் கற்பித்த விகிதக் கணக்கு இன்றும் வழங்குகிறது. மார்புச் சுற்றுக்கு வேண்டிய கண்ணியை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுக்கு அதில் இருபது; மேல் கைக்கு முப்பத்துமூன்று; கழுத்துக்கு நாற்பது. அவ்வளவுதான் மாதிரி. நம் 144-க்கு மணிக்கட்டு 29, மேல் கை 48, கழுத்து 58.

ஆனால் அந்தக் கணக்கையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லமாட்டேன். பெரியவர்களின் உடம்பை வைத்து ஏற்பட்ட விகிதம் அது. நான்கு வயதுப் பிள்ளைக்கு உடம்புக்குத் தலை பெரிது. 58 கண்ணி என்பது பத்து அங்குலத்துக்கும் குறைவு. தலையோ ஏறக்குறைய இருபது அங்குலம். கம்பளியே அவ்வளவு இழுபடாது. பருத்தி எங்கே இழுபடப் போகிறது? கழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, ஒரு பக்கத்துத் தோளைத் தைக்காமல் திறந்துவிட்டு மூன்று பித்தான் வைத்தால் காரியம் முடிந்தது. பித்தான் எத்தனை என்று கேட்ட சகோதரிக்கும் இதுவே பதில்: தலை நுழைகிற அளவு.

இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் கிடைத்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக்கு அருகே பெரம்பூரில் பக்கிங்ஹாம்-கர்னாடிக் மில் இருந்தது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில்லின் தொழிலாளரால்தான். 1996-இல் மில்லை மூடிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கோடிக்கணக்கான கஜம் துணி நெய்தவர்களில் எவரும், "இந்த இடத்தில் ஒரு கோடு வேறு வர்ணத்தில் இருந்தால் நன்றாயிருக்கும்" என்று தறியை நிறுத்தியிருக்க முடியாது. இன்று திருப்பூரில் பின்னலாடை தைக்கிற பெண்ணுக்கும் அப்படித்தான். வெளிநாட்டு வியாபாரி அனுப்பிய அளவுத் தாளில் கண்டபடி ஒரு நூல் பிசகாமல் வர வேண்டும். பிசகினால் சரக்குத் திரும்பும். பிழைப்புக்காகப் பிறர் மாதிரிக்குக் கட்டுப்படுகிறவர்கள் அவர்கள். வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து பேரனுக்குப் பின்னுகிறவரை யார் கட்டிப் போட்டார்கள்?

இடைப்பட்ட நிலையில் உள்ளவர்களும் உண்டு. ஆர்டருக்குக் குழந்தைச் சட்டையும் கைப்பையும் பின்னிக் கொடுத்து வீட்டுச் செலவுக்கு நாலு காசு சேர்க்கிறவர்கள். படத்தைக் காட்டி "இதேபோல் வேண்டும்" என்று கேட்கிறவரிடம், நம் நூலில் எது இதேபோல் வரும், எது வராது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. உள்ளங்கையளவு துண்டு ஒன்று பின்னிக் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டால், முடிந்த சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டியிராது.

இன்னொரு கேள்வி, அதிகம் பேர் கேட்காதது, ஆனால் கேட்க வேண்டியது: மாற்றிவிட்டால் மாதிரி நம்முடையதாகிவிடுமா? வர்ணத்தையும் கையையும் மாற்றி நம் வீட்டுக் குழந்தைக்குப் போடுவதை எந்த ஆசிரியரும் ஆட்சேபிக்கமாட்டார். ஒருவர் உழைத்து எழுதிய குறிப்பைப் பிரதி எடுத்து விற்பதும், இரண்டு பித்தானை மாற்றிவிட்டு மேலே தம் பெயரைப் போட்டுக்கொள்வதும் வேறு காரியம். எழுதினவருக்கு எழுத்தின்மேல் உரிமை உண்டு என்பது நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இராவிட்டாலும், பக்கத்து வீட்டு அம்மாளிடம் கற்ற கோலத்தை "இது எங்கள் மாடி அம்மாள் போட்டது, நான் மூலையை மட்டும் மாற்றினேன்" என்று நம் பெண்கள் சொல்லிக்கொள்வது வழக்கம்தானே? பின்னல் குறிப்பிலும் அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் போதும்.

தகரப் பெட்டிக்குள் போன ஊசிகளை வெளியே எடுக்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். எதை ஆரம்பிப்பதானாலும் முதலில் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று பின்னுங்கள். அதைத் துவைத்து, பிழியாமல், நிழலில் பரப்பி உலர்த்துங்கள். துவைக்காத துண்டின் கணக்கு பருத்தி விஷயத்தில் நம்பத் தக்கதன்று. உலர்ந்தபின் நடுவில் நாலு அங்குலத்தை அளந்து, குறுக்கே எத்தனை கண்ணி, நெடுக்கே எத்தனை வரிசை என்று எண்ணி நாலால் வகுத்துக்கொள்ளுங்கள். விளிம்போரத்தில் எண்ண வேண்டாம். அங்கே கண்ணி இறுகியும் தளர்ந்தும் இருக்கும். எண்ணி முடிந்ததும் நூலை மிச்சம் பிடிப்பதற்காகத் துண்டைப் பிரித்துவிடாதீர்கள். நூலின் பெயர், ஊசியின் மில்லிமீட்டர், தேதி இவற்றை ஒரு சீட்டில் எழுதி மூலையில் தைத்து, பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வையுங்கள். டப்பா பாதி நிறைவதற்குள், கடையில் விற்கும் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டும்போதே எந்த எண்ணை எங்கே திருத்த வேண்டும் என்று பென்சில் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.